மேற்குச் சூலமும் ஐம்பது வயதுக் கேரவனும்

போன மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, லண்டனில் உள்ள குட்மேய்ஸிலிருந்து மத்திய வேல்ஸுக்கு ஒரு பழைய கேரவனை இழுத்துக்கொண்டு போனோம். மொத்தம் 212 மைல். அதில் கடைசி மூன்றரை மைல் தார் போடாத காட்டுப் பாதை. அந்த மூன்றரை மைலுக்காகத்தான் நான் பதினொரு வாரம் என் வீட்டு முன்றலில் கிரீஸும் துருவுமாகக் கிடந்தேன். இப்படியொரு வேலையில் இறங்க நினைப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், முதலில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

ஏன் கேரவன் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஒரே மகன் கபிலன் ஐந்து வருடம் பல் வைத்தியம் படித்தவன். ஒரு வருடம் வேலையும் பார்த்தான். பிறகு ஒரு நாள், மற்றவர்களின் வாய்க்குள் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டு, வேல்ஸ் மலையில் சதுப்பு நிலம் காக்கிற வேலைக்குப் போய்விட்டான். பழைய வாய்க்கால்களை அடைத்து, காய்ந்துபோன நிலத்தை மறுபடி ஈரமாக்குகிற வேலையாம். என் கணவர் யோகராசா இருபத்திரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்று அவனைப் படிப்பித்தவர். "இனி அவன்ட வீட்டுப் படி மிதிக்க மாட்டன்" என்று ஒரு வார்த்தையை விட்டார். அதோடு இரண்டு வருடமாகத் தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

மார்ச் மாதம் கபிலன் போன் எடுத்தான். ஜூன் நடுவில் கனடாவுக்குப் போகிறானாம். அங்கேயும் ஏதோ சதுப்பு நிலம்தான், இரண்டு வருட ஒப்பந்தம். "அம்மா, நான் போறதுக்கு முன்னம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ, பிளீஸ்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இப்போது போகாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் இப்படியே இறுகிப்போய்விடுவார்கள் என்று எனக்குப் பயம் பிடித்தது. நடுவில் ஒரு கடலும் வந்துவிட்டால் யார் முதலில் இறங்கி வருவது?

இவரிடம் சொன்னேன். மூன்று நாள் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வரலாம். ஆனா சொன்னது சொன்னதுதான். அவன்ட வீட்டுக்குள்ள வர மாட்டன்" என்றார். ஆகக் கிட்டவுள்ள ஹோட்டல் 24 மைல். "ஹோட்டல்ல தங்கிறதுக்கு நான் என்ன ஊர் பாக்கவோ போறன்?" என்று அதற்கும் தலையாட்டவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப ஒரு வீட்டையும் இழுத்துக்கொண்டு போவம்!" என்று கத்திவிட்டு எழும்பிப் போனேன். கை கழுவிவிட்டு வந்த மனிதர், "அது சரிவரும்" என்றார்.

கோபத்தில் சொன்னதை யோசனையாக எடுத்துக்கொள்கிற ஒருவருடன் முப்பது வருடம் குடும்பம் நடத்துகிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய கேரவன் எதற்கு என்பதற்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது. இப்போது வருகிற கேரவன்கள் ஏழு மீற்றர் நீளம், வயிறு நிலத்தில் தட்டுகிற மாதிரி. காட்டுப் பாதை வளைவில் திரும்பாது. எழுபதுகளில் செய்தவை குட்டை, பாரமும் குறைவு. எசெக்ஸில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் 1974இல் செய்த ஒன்று இருந்தது. நாலு மீற்றர் நீளம், வெறும் வண்டி 640 கிலோ, விலை 1,150 பவுண். உள்ளே செம்மஞ்சள் திரைச்சீலை. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது" என்று அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்பக்கச் சுவரைப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

பழைய கேரவன் வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த விரல் சோதனையைச் செய்யுங்கள். ஜன்னலுக்குக் கீழே, மூலைகளில், தரையின் ஓரங்களில். வெளியில் அலுமினியம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரச்சட்டம் நனைந்த பாண் துண்டு மாதிரிப் பிய்ந்து வரும். வீதியில் போகும்போது அது தாங்கும். கற்பாதையில் குலுங்கினால் சுவர் தனியாக, தரை தனியாக வரும். முன்பக்கச் சட்டம் முழுவதையும் பிடுங்கிப் புதிய மரம் வைக்க எனக்கு நாலு வாரம் பிடித்தது. நான் பஸ் ஓட்டுகிறவள், பதினாறு வருடமாக. காலை ஷிப்ட் முடித்து இரண்டரைக்கு வந்து, உடுப்பு மாற்றி, வண்டிக்குக் கீழே படுப்பேன். தெருவால் போகிற நம்முடைய ஆட்கள் நின்று என் கால்களைப் பார்த்து, "வீட்டில அண்ணை இல்லையோ?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கிற அண்ணை, அதாவது என் கணவர், உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்து அவர்களுக்கு என் வேலையை விளக்கிவிட்டு, திரும்ப உள்ளே போவார்.

இதற்கிடையில் கவுன்சில் கடிதம் வேறு. இழுக்கும் கம்பி நடைபாதையில் நாற்பது சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். அவர்கள் சொன்னது சரிதான், அளந்து பார்த்தேன். பூச்சாடிகள் எல்லாவற்றையும் பின்வளவுக்குத் தூக்கிப்போய் வைத்து வண்டியைப் பின்னால் தள்ளினேன்.

கரடுமுரடான பாதைக்கு ஒரு பழைய வண்டியை ஆயத்தப்படுத்துவதில் முக்கியமானது உயரம். எங்களுடையதன் அடிப்பக்கத்துக்கும் நிலத்துக்கும் இடையில் பதினெட்டு சென்ரிமீற்றர்தான் இருந்தது. ரெயினமில் ஒரு வெல்டிங் பட்டறையில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரும்புக் கட்டைகள் வைத்து ஏழு சென்ரிமீற்றர் உயர்த்தினோம். 280 பவுண். தொங்கிக்கொண்டிருந்த கழிவுத் தண்ணீர்க் குழாயை நானே மேலே தூக்கிக் கட்டி, அதற்குக் கீழே ஒரு அலுமினியத் தகடு அடித்தேன். நிறுத்தும்போது வண்டியைத் தாங்குகிற நாலு மூலைக் கால்களையும் சங்கிலி போட்டு மேலே கட்டினேன். டயர்கள் பார்க்கப் புதிது மாதிரி இருந்தன. பக்கத்தில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தை வாசித்தால் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று தெரியும். அவை பதினொரு வயது. மிதிப்பு தேயாவிட்டாலும் றபர் கிழடாகிவிடும். மேலதிகம் ஒன்றோடு மூன்று புதிய டயர், தடித்த பக்கச்சுவர் உள்ளவை, 231 பவுண்.

பக்கத்துத் தெருவில் ஒரு கேரவன் களவு போனதாகக் கேள்விப்பட்டு, சக்கரங்களுக்குப் பூட்டு நட்டும் போட்டேன். அதைக் கழற்ற ஒரு விசேஷத் திறப்பு, சாவி மாதிரி ஒன்று, வேண்டும். அந்தத் திறப்பு, ஜாக்கி, 19 மில்லிமீற்றர் ஸ்பனர், காற்றடிக்கும் சின்ன மெஷின், கயிறு, கையுறை எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் ஒழுங்காக அடுக்கி வைத்தேன். எங்கள் வீட்டிலேயே ஒழுங்காக அடுக்கியிருந்த ஒரே பொருள் அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கிற அலுமாரிக் கதவுகளின் காந்தப் பூட்டெல்லாம் காட்டுப் பாதைக்கு உதவாது. ஒவ்வொன்றுக்கும் கொண்டி போட்டேன். திருகாணிகள் குலுங்கிக் கழராமல் இருக்கப் பிடிப்புப் பசை விட்டேன். காஸ் குழாயை ஒரு பதிவுபெற்ற ஆளைக் கூப்பிட்டு மாற்றுவித்தேன், 140 பவுண். அதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள்.

பிறகு பாரம். வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த ஆகக் கூடிய எடை 800 கிலோ. புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு நிறுவை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 824. கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு. பன்னிரண்டு லீற்றர்ப் பானை. மைலோ ரின் ஆறு. உறைப்புத் தூள் மூன்று கிலோ. இடியப்ப உரலும் தட்டுகளும். இதெல்லாம் இவர் எனக்குத் தெரியாமல் ஏற்றியவை. நிறுவை மேடைக்காரர் எட்டிப் பார்த்து, வேல்ஸில் அரிசி விற்கிறார்கள்தானே என்று கேட்டார். இவர் அதற்கு, "அவன் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை" என்று தமிழில் பதில் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை. அரிசியில் ஒரு மூட்டையைத் திருப்பி ஏற்றினேன். மிச்சத்தைக் காரின் பின்பக்கம் போட்டேன். 791.

கேரவனுக்குள் பாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி வால் ஆட்டும், வேகத்தில் காரையும் சேர்த்து இழுத்து விழுத்தும். கனமானவை அச்சுக்கு மேலே, தரையில். இலேசானவை மட்டும் மேல் அலுமாரியில்.

இனி என் சொந்த அண்ணை. செவன் கிங்ஸில் இருக்கிற என் மூத்த சகோதரன். எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மைல். புதன்கிழமை பின்னேரம் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை மேற்கால சூலம். மேற்குப் பக்கம் வெளிக்கிடக் கூடாது."

"அண்ணை, வேல்ஸ் மேற்கிலதான் கிடக்கு. நான் என்ன செய்யிறது? லீவு வெள்ளியிலதான் துவங்குது."

"அப்ப வியாழன் விடிய ஆறே முக்காலுக்கு ஒரு பையைக் கொண்டுவந்து என்ர வீட்டில வையுங்கோ. பயணம் அண்டைக்கே துவங்கின மாதிரி. வெள்ளி போகேக்க எடுத்துக்கொண்டு போங்கோ."

இது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் பயணப் பை ஒன்றை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடுவது. பை வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்ட கணக்கு. எனக்கு வியாழன் விடிய நாலரைக்கு ஷிப்ட். "ஏதாவது ஒரு பையைக் கொண்டுபோய் வையுங்கோப்பா" என்று இவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அவரும் வைத்தார். சாரமும் துவாயும் உள்ள பையாக இருக்கும் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை.

வெள்ளி காலை ஆறு மணிக்கு நாங்கள் அண்ணை வீட்டுக்குப் போய்ப் பையை எடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஐந்தே முக்காலுக்கு அண்ணையே எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் தேங்காயும் நாலு எலுமிச்சம்பழமும். கேரவனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நாலு பழம், இரண்டு சக்கரம். மிச்ச இரண்டையும் காருக்கு வைக்கலாமா என்று அவரும் இவரும் பத்து நிமிடம் வாதாடினார்கள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் பழங்கள் நசுங்கி, கையசைத்து, 6.35க்குத் தெருவால் திரும்பிவிட்டோம். அண்ணையைத்தான் பார்த்தாயிற்றே, இனி அண்ணை வீட்டுக்கு எதற்கு? பை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கேரவன் இழுத்தால் மோட்டார்வேயில் அறுபது மைலுக்கு மேல் போகக் கூடாது, நடுவில் பிரிப்பு இல்லாத சாலைகளில் ஐம்பது. மூன்று தடத்தில் வலப்பக்கத் தடம் தொடவே கூடாது. M25இல் ஏறிய அரை மணித்தியாலத்தில் நெரிசல். ஒக்ஸ்போர்ட் பக்கத்து நிறுத்தத்துக்கு 9.20க்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நான் சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். இவர் கேரவனுக்குள் ஏறி இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து மூடினார். பிறகு கொஞ்ச நேரம் லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொண்டுபோன மீன் ரோல்ஸில் பாதியைத் தின்று மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி வைத்தார். வயிறு சரியில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

குளொஸ்டர் 11.10. ஹெரிஃபோர்ட் 12.50, அங்கே டீசல் அடித்தோம், 71 பவுண். அதற்குப் பிறகு வீதி ஒடுங்கிக்கொண்டே போய், எதிரே ட்ராக்டர் வந்தால் நானோ அவனோ பின்னால் போக வேண்டிய நிலை. நான் பஸ்காரி, பின்னால் போக எனக்குப் பயமில்லை. ஆனால் நான் பின்னால் எடுக்கும்போதெல்லாம் இவர் இறங்கி நின்று இரண்டு கையையும் வீசி வழி காட்டுவார். எந்தக் கை எந்தப் பக்கம் என்று முப்பது வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

3.25க்குக் காட்டுப் பாதையின் படலைக்கு வந்தோம். அங்கே நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் ஒரு செம்மறிக்காரர், பெயர் கரெத். கேரவனை மேலும் கீழும் பார்த்தார். இதையா மேலே கொண்டுபோகப் போகிறீர்கள் என்றார். ஆம் என்றேன். சிலேட்டுக் கல் கிடக்கும், ஓரம் கத்தி மாதிரி, இடப்பக்கம் கவனம் என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துவிட்டார். டயர்க் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கினேன். மென்மையான டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும்.

இரண்டே முக்கால் மைல், ஐம்பத்தைந்து நிமிடம். சொல்லக் கூடாது, வண்டி நன்றாகப் போனது. அலுமாரி ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஏழு சென்ரிமீற்றர் உயர்த்தியதன் அருமை ஒவ்வொரு பள்ளத்திலும் தெரிந்தது. மூன்றாவது மைல் முடியப்போகிற நேரம், கபிலனின் வீட்டுக் கூரை தூரத்தில் தெரிகிறது, இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்து பார்க்கிறார், டப்பென்று ஒரு சத்தம். இடப்பக்க டயரின் பக்கச்சுவர் என் உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கேரவன் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வீட்டுக்கு இன்னும் எண்ணூறு மீற்றர்.

போனில் சிக்னல் இல்லை. நான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு மேலதிகச் சக்கரத்தை இறக்கினேன். அப்போது இவர், "நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். சப்பாத்து சேற்றில் புதைய, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் ஜாக்கி எடுக்க இருக்கைப் பெட்டியைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது. கார், கேரவன், மேல் அலுமாரி, அரிசி மூட்டைக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினேன். நீலப் பை இல்லை. ஐம்பது நிமிடம் ஆயிற்று, போன மனிதரும் இல்லை. பூட்டிவிட்டு நானே நடந்தேன்.

போய்ப் பார்த்தால் வாசலுக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இவர் இருக்கிறார். உள்ளே, நிலைப்படிக்கு அந்தப் பக்கம், கபிலன் தரையில் சப்பணம் கட்டி இருக்கிறான். தேத்தண்ணிக் கோப்பை இரண்டும் படியில். இரண்டு வருடப் பேச்சில்லாத தகப்பனும் மகனும் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்குகிறது, வாய்க்காலை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவன் விரலால் நிலத்தில் கீறிக் காட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நேரம் வாளியோடு சேர்த்து மனிதரைக் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"டயர்?" என்றேன்.

"ஓ... அது" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கபிலன் என்னைக் கட்டிப்பிடித்தான். மெலிந்திருந்தான், அதில் தகப்பன் சொன்னது சரி. அவனிடம் ஜாக்கியும் ஸ்பனரும் இருந்தன. பூட்டு நட்டைக் கழற்றும் திறப்பு யாரிடம் இருக்கும்? நான் இவரைப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை அண்ணை வீட்டில கொண்டுபோய் வைச்சது எந்தப் பை?"

அவர் மலையைப் பார்த்தார். "நீலப் பை. அதுதானப்பா ஆயத்தமாக் கிடந்தது."

பதினொரு வாரம் நான் செய்த வேலை எல்லாவற்றுக்கும் திறப்பு, செவன் கிங்ஸில் நல்ல நேரத்தில் புறப்பட்டு அங்கேயே இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கபிலன் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. இவர் பிடிவாதமாகக் கேரவனுக்குத் திரும்பி நடந்தார், நானும் பின்னால் போனேன். சாய்ந்து நிற்கிற கட்டிலில் படுத்தார், மெல்ல வழுக்கிப்போய் அலுமாரியில் தலை முட்டினார். மறுபக்கம் தலை வைத்துப் படுத்தார். இரத்தம் தலைக்கு ஏறுகிறது என்று எழும்பி இருந்தார். அடுப்பில் பானை நிற்காது. கபிலன் குடையோடு வந்து கதவில் தட்டினான்.

"அப்பா, உள்ளுக்கு வந்து படுங்கோ."

"நான் சொன்ன சொல்லு மாற மாட்டன், தம்பி. உன்ர வீட்டுப் படி மிதிக்கிறேல்லை எண்டு சொன்னனான்."

"அது என்ர வீடு இல்லையப்பா. வேலைக்காகத் தந்த குவாட்டர்ஸ். பதினைஞ்சாந் தேதி திறப்பைக் குடுத்துப்போட்டுப் போக வேணும். எனக்கு எண்டு ஒரு வீடும் இல்லை."

இவர் முட்டின தலையைத் தடவினார். மழை தகரத்தில் அடித்தது.

"உண்மையோ?"

"ஓம் அப்பா. கடிதம் இருக்கு, வேணுமெண்டா காட்டுறன்."

மனிதர் சப்பாத்தைப் போட்டார். குடைக்குள் மகனோடு நடந்துபோய், அந்த வீட்டுப் படியைத் தாண்டி, நெருப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்து தலையைத் துவட்டினார். நான் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்த ஒரு வசனத்தை இவன் மார்ச் மாதமே சொல்லியிருந்தால் எனக்குப் பதினொரு வாரமும் ஏறக்குறைய இரண்டாயிரம் பவுணும் மிஞ்சியிருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தகப்பனும் மகனும் மண்வெட்டியோடு சதுப்பில் நின்றார்கள். நான் சோறு சமைத்தேன், தூங்கினேன்.

சனிக்கிழமை காலை கரெத் வந்து, அளவில் சற்றுச் சிறிய ஒரு பழைய சொக்கெட்டைப் பூட்டு நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறுக்கி, நீண்ட கம்பி போட்டு ஒரே திருப்பில் கழற்றிவிட்டார். களவைத் தடுக்கும் நட்டு மூன்று நிமிடம். கூலி வேண்டாம் என்றார், மீன் ரோல்ஸ் மட்டும் ஆறு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை திரும்பும்போது அதே ஒக்ஸ்போர்ட் நிறுத்தத்தில் தேத்தண்ணிக்கு நின்றோம். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இஞ்சதான் எனக்கு ஞாபகம் வந்தது, பையை விட்டுட்டு வந்தது" என்றார்.

"வெள்ளிக்கிழமையோ? ஒன்பதரைக்கோ? ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் வண்டியைத் திருப்பியிருப்பீர்."

"ஓம், திருப்பியிருப்பன்! அதுக்கென்ன?"

"திரும்பிப் போயிருந்தா நான் பிறகு வெளிக்கிட்டிருக்க மாட்டன். எனக்கு என்னைத் தெரியும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்கும் சேர்த்து அவர்மேல் எரிச்சல் வந்தது. மிச்சமிருந்த ரோலை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். சாப்பிட்டார்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதென்றால்: விரலால் குத்திப் பார்த்து வாங்குங்கள். டயரின் வயதை வாசியுங்கள். முழுச் சாமானும் ஏற்றிய பிறகே நிறுங்கள், வீட்டுக்காரர் ஏற்றியதையும் சேர்த்து. பூட்டு நட்டுகள் லண்டன் தெருவுக்கு நல்லது, மலைக்குப் போகும்போது சாதாரண நட்டை மாட்டிக்கொண்டு போங்கள். காற்றை இறக்குபவர்கள் திரும்ப அடிக்கிற மெஷினையும் கொண்டுபோக வேண்டும், நாங்கள் கரெத்தின் கைப்பம்பால் ஒவ்வொரு டயருக்கும் கால் மணித்தியாலம் அடித்தோம். நல்ல நேரம் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் வெளியே வைக்கிற பைக்குள் பழைய துவாய் ஒன்றை மட்டும் போட்டு வையுங்கள்.

கபிலன் ஜூன் பதினாறு கனடா போய்ச் சேர்ந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தால் இவர்தான் முதலில் எடுக்கிறார், எனக்கு மிஞ்சுவது கடைசி இரண்டு நிமிடம். போன வாரம் அண்ணை வந்திருந்தார். நீலப் பை தன் வீட்டு நடையில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறதாம். "உந்தப் பையை எப்ப எடுக்கப் போறியள்?" என்று கேட்டார்.

இவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "அங்கயே இருக்கட்டும், மச்சான். கனடாவும் மேற்கிலதானே."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போட எழும்பினேன். அன்றைக்குப் பின்னேரம் மூலைக் கால்களை இறக்க எனக்கு அந்த நீலப் பைக்குள் கிடக்கிற 19 மில்லிமீற்றர் ஸ்பனர் தேவைப்பட்டது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.